அஞ்சாவது தந்தி எதுக்கு?

நம் சங்கத்து இன்னிசைக் குழுவின் பேஸ் கிட்டாரில் ஐந்து தந்திகள். இதை வைத்து இரண்டு கட்சிகள். "நாலு தந்தியில ஒழுங்கா வாசிக்கத் தெரியாதவனுக்கு அஞ்சாவது எதுக்குடா?" என்பது இறுதியாண்டு அண்ணன்கள் கட்சி. அந்தத் தடித் தந்தியை ஒரு இடி இடிக்காமல் எந்தப் பாட்டையும் முடிப்பதில்லை என்பது முதலாமாண்டுத் தம்பிகள் கட்சி. சண்டை முற்றி, இதை ஓரங்கட்டிவிட்டு சந்தாப் பணத்தில் நாலு தந்தி கிட்டார் ஒன்று வாங்கலாம் என்று பொதுக்குழுவுக்குத் தீர்மானமே வரப்போகிறது. பணம் நம் எல்லோருடையது. ஆகவே பேஸ் வாசிக்கிறவன் என்ற முறையில் என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன்.

(பேஸ் என்றால் என்ன என்று கேட்கும் சிவில் நண்பர்களுக்கு: இளையராஜா பாட்டில் பாடகருக்கு அடியில் தனியாக ஒருத்தர் நடந்துகொண்டே இருப்பாரே, அவர்தான்!)

அண்ணன்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் இருந்தது நாலே தந்தி. மிகத் தாழ்ந்த ஈ தந்தி நொடிக்கு 41 முறை அதிரும். டெட்ராய்ட் மோடவுன் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் அந்த நாலை வைத்து, அதுவும் வலதுகையில் ஒற்றை விரலால் மீட்டி, உலகத்தையே ஆடவைத்தார். ஆனால் போதாது என்று நினைத்தவர்களும் மேதைகள்தான். 1975-ல் ஆண்டனி ஜாக்சனுக்காக கார்ல் தாம்சன் ஆறு தந்தி பேஸ் செய்து கொடுத்தார். 1980-களில் சிந்தசைசர் கீபோர்டு ஈ-க்குக் கீழே சர்வசாதாரணமாக இறங்கவே, பேஸ்காரர்களும் இறங்கவேண்டியதாயிற்று. அப்படிப் பரவியதுதான் கீழ் பி தந்தி. நொடிக்கு 31 அதிர்வு.

இனி நம்ம பாடம். தந்தியின் நீளம் அதேதான், பெரும்பாலும் 34 அங்குலம். ஈ-யிலிருந்து பி-க்கு அதிர்வு நாலில் மூன்று பங்காகக் குறையவேண்டும். இழுவிசை மாறாமல் இருக்க எடை 16/9 மடங்கு, அதாவது சுமார் 1.78 மடங்கு ஆகவேண்டும். ஈ தந்தி 0.105 அங்குலம் என்றால் பி 0.140 அங்குலம் வேண்டியிருக்கும். ஆனால் செட்டில் வருவது 0.130 அல்லது 0.125 தான். அதனால்தான் அது தொளதொளவென்று கிடக்கிறது. ஓங்கி அடித்தால் ஃப்ரெட்டில் மோதி கடகடக்கிறது. தம்பிகளே, குற்றம் கிட்டார் மேல் இல்லை! பிரிட்ஜ் பக்கம் கையை நகர்த்தி மெதுவாக மீட்டிப் பாருங்கள், அதே தந்தி மரியாதையாகப் பேசும்.

இன்னொரு சங்கடம், நம்ம ஸ்பீக்கர். சாதாரணப் பெட்டியில் 50 அதிர்வுக்குக் கீழே சத்தம் வேகமாகத் தேய்ந்துவிடும். 31-ஐ அடித்தால் வெளியே வருவது பெரும்பாலும் 62-ம் 93-ம்தான், மீதியை நம் காதே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. மேடையில் நிற்பவனுக்குத் தொடை அதிரும். கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கு லாரி போன மாதிரி ஒரு உறுமல், அவ்வளவுதான். ஈ-க்குக் கீழே கிடைப்பது மொத்தம் ஐந்தே ஸ்வரம். அந்த ஐந்துக்காக மட்டும் என்றால் அண்ணன்கள் ஜெயித்துவிட்டார்கள்.

ஆனால் அதுக்காக மட்டுமா அந்தத் தந்தி? பி-யின் ஐந்தாம் ஃப்ரெட்டில் அதே ஈ இருக்கிறது. ஆறில் எஃப், எட்டில் ஜி. முதல் ஃப்ரெட்டுக்கும் ஏழாம் ஃப்ரெட்டுக்கும் பஸ் பிடிக்கிற மாதிரி கை ஓடவேண்டாம், நடுவில் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பாட்டை முடிக்கலாம். அடுத்தது பாடகர்கள். மேடைக்கு ஏறும் நேரத்தில் "தொண்டை சரியில்லை, மூணு கட்டையை ரெண்டு கட்டையாக்கிடுங்க" என்பார்கள். மூணு கட்டை என்றால் ஈ, ரெண்டு என்றால் டி. நாலு தந்தியில் அந்தக் கீழ் டி கிடையாது. ஒன்று ஈ தந்தியைத் தளர்த்தி வழக்கமான விரலிடத்தையெல்லாம் மாற்றவேண்டும், இல்லை மேல் டி-க்குத் தாவவேண்டும். தாவினால் பாட்டின் அஸ்திவாரம் ஒரு மாடி ஏறி நிற்கும். பி-யில் மூன்றாம் ஃப்ரெட், வேலை முடிந்தது. என் கணக்கில் இந்த ஒரு உபயோகத்துக்கே அந்தத் தந்தி இருக்கலாம்.

வாசிக்காத நேரத்திலும் அதற்கு வேலை உண்டு. வலதுகைக் கட்டைவிரலை அதன்மேல் சாய்த்து வையுங்கள். வைக்காவிட்டால் மற்ற தந்திகளை மீட்டும்போது இதுவும் சேர்ந்து முனகும். தம்பிகளின் வாசிப்பு 'சேறு' மாதிரி கேட்பதற்குப் பாதிக் காரணம் இதுதான், யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகவே தீர்மானம் வந்தால் நான் எதிர்த்துத்தான் கை தூக்குவேன். நாலு தந்தியில் பழகவேண்டியவர்கள் இந்தக் கிட்டாரிலேயே பழகலாம், ஐந்தாவதை யாரும் கட்டாயப்படுத்தி அடிக்கச் சொல்லவில்லை. கிட்டார் வாங்க வைத்திருக்கும் பணத்தில் கீழ் ஒலியைத் தாங்குகிற ஒரு நல்ல ஸ்பீக்கர் பெட்டி வாங்கினால் பேஸ் மட்டுமல்ல, தபேலாவும் உருப்படும். அப்படியே பி தந்தி ஒன்று உபரியாக வாங்கி வையுங்கள். இப்போது இருப்பது துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது.