உங்கள் வகுப்பறை எதனால் ஆனது?



மதிய உணவு சுத்தமாக இருக்கிறதா, குடிநீர் நன்றாக இருக்கிறதா என்று பெரியவர்கள் பார்க்கிறார்கள். ஆனால், நீங்கள் தினமும் ஆறேழு மணி நேரம் உட்காருகிற வகுப்பறையின் கூரையும் சுவரும் எதனால் ஆனவை என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? அவசியம் கேட்க வேண்டும்!

2004 ஜூலை 16ம் தேதி, கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்து போனார்கள். அதன்பின், தமிழகப் பள்ளிகளில் இருந்த கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. மிகச் சரியான முடிவு. ஆனால், சில இடங்களில் கீற்றுக்குப் பதிலாக ஆஸ்பெஸ்டாஸ் தகடு கூரையில் ஏறியது. அது சரிதானா?

ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார். தீப்பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால், தகடு உடைந்தாலோ, துளையிட்டாலோ, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நார்கள் காற்றில் கலக்கும். மூச்சு வழியே நுரையீரலுக்குள் போனால், பல ஆண்டுகள் கழித்துக்கூட புற்றுநோய் வரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் இன்னும் தடை இல்லை. அக்னி நட்சத்திர வெயிலில் இந்தக் கூரையின் கீழே உட்கார்ந்தவர்களுக்கு, அதன் சூடு எப்படிப்பட்டது என்பதும் தெரியும்!

அடுத்து பெயின்ட். புது வகுப்பறையில் 'கம்'மென்று வாசனை வருகிறதே, அது பெயின்டிலிருந்து ஆவியாகும் ரசாயனம். தலைவலி, கண் எரிச்சல் எல்லாம் தரும். பிளைவுட் பலகையை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மாதக்கணக்கில் கசியும். பழைய பெயின்ட்களில் ஈயமும் உண்டு. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டு பெயின்ட்களில், பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2016ல் விதி வந்தது.

"அப்படியானால், பள்ளிக்கூடத்தை எதில்தான் கட்டுவது?" என்று கேட்கிறீர்களா?

பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையோரம், பெரிய ஏரியோடு இருக்கிறது தாமல். இந்த வட்டாரத்து நாட்டு ஓட்டு வீடுகளில் நுழைந்து பாருங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும், உள்ளே வெக்கை குறைவாகவே இருக்கும். காஞ்சி கைலாசநாதர் கோயிலில், ராஜசிம்ம பல்லவன் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சும், அதன் மேல் தீட்டிய ஓவியங்களும் 1,300 ஆண்டுகள் கழித்தும் அங்கங்கே மிஞ்சியிருக்கின்றன. சுண்ணாம்பு பூசிய சுவரிலிருந்து பெயின்ட் போல ரசாயன ஆவி வராது. அதோடு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கொண்டுதான் அது இறுகுகிறது!

சிமென்ட்டை அளவோடு பயன்படுத்துவதும் நல்லது. உலகில் மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில், சுமார் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பால் வருகிறது. ஆரோவில்லில் மண்ணோடு சிறிதளவு சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமலே கற்கள் செய்கிறார்கள். சூளை இல்லை என்றால் புகையும் இல்லை. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக்கலை நிபுணர், சுவரின் நடுவே இடைவெளி விட்டு செங்கல் அடுக்கிக் கட்டினார். செங்கல் மிச்சம், வெப்பமும் எளிதில் உள்ளே வராது.

"இதற்கெல்லாம் பணம் ஏது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இருக்கிற கட்டடத்தை இடிக்கச் சொல்லவில்லை. அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பையோ, வாசனை குறைந்த தண்ணீர் பெயின்டையோ தேர்ந்தெடுக்கலாம். அதையும் விடுமுறையில் அடித்து, ஜன்னல்களைத் திறந்து வைக்கலாம். அடுத்து கட்டும் வகுப்பறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம் என்று இப்போதே முடிவெடுக்கலாம். மருத்துவச் செலவோடு ஒப்பிட்டால், இது பெரிய செலவே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று, செய்யக் கூடாதது ஒன்று. கூரைத் தகட்டின் மேல் கல் எறிவது, உடைந்த துண்டை வைத்து விளையாடுவது, பழைய பெயின்டைச் சுரண்டுவது எல்லாம் கூடவே கூடாது. தகடு உடைந்திருந்தால், உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது? இந்தப் பக்கத்தை அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, "எங்கள் பிள்ளைகள் தலைக்கு மேல் இருப்பது என்ன?" என்று அவர்கள் கேட்கட்டும்.

என்ன குட்டீஸ், சொல்வீர்கள்தானே?