பின்வரிசையின் இலக்கணம்

பேஸ் கிட்டார் வாசிப்போர் அனைவரும் எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு: "மீதி இரண்டு தந்திகள் எங்கே?" மாணவர் இசைக்குழுவொன்றில் நான்கு ஆண்டுகளாக நானும் அதற்கு விடை கூறி வருகிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் பாடியவரைப் பாராட்டுவர். முன்னணிக் கிட்டார்க் கலைஞரைப் பாராட்டுவர். நான் பிசகினால் மட்டுமே என் பக்கம் திரும்புவர்.

இதற்கு ஒலியியல் காரணமும் உண்டு. இக்கருவியின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்சில் அதிர்கிறது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் அவ்வதிர்வை வெளியிட இயலாது. காணொளியில் என் விரல் அசைவது மட்டுமே தெரியும்.

கொல்லங்கோட்டில் வளர்ந்தவர்க்கு இது புதிதன்று. செண்டை மேளத்தில் இடந்தலையின் உருட்டு முன்வரிசையில் முழங்கும். பல அடுக்குத் தோல் போர்த்த வலந்தலையில் தாளத்தைத் தாங்கும் வீக்கன் செண்டைக்காரர் பின்னே நிற்பர். விழா அறிவிப்பில் பிரமாணிக்குப் பெயர் உண்டு. இவர்கள் வெறும் 'குழுவினர்'. பல்லாவூர் அப்பு மாராரை அறிவோம். அவருக்குப் பின்னின்று தாளம் காத்தவர்களுள் எத்தனை பேரை அறிவோம்?

இடைச்சொல் தனித்து இயங்காது. ஆயினும் தொல்காப்பியர் அதற்கெனத் தனி இயலே வகுத்தார். வேற்றுமை உருபை நீக்கிவிட்டால் யார் யாரை அடித்தார் என்பதே விளங்காது.

நிகழ்கலை ஆய்வு செய்யும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: களக்குறிப்பில் பின்வரிசையினர் பெயர்களையும் எழுதுங்கள். ஒலிவாங்கியை ஒருமுறையேனும் அவர்கள் பக்கம் நகர்த்துங்கள்.