குழாயடியில் ஆறடி இடைவெளி எங்கே?

2020 மே மாத இறுதியில் சென்னையின் 15 மண்டலங்களில் கொரோனா எண்ணிக்கையில் வடசென்னையின் ராயபுரம்தான் முதலிடத்தில் நின்றது. கோயம்பேடு சந்தையை மூடியது அதே மாதம் 5-ம் தேதி. அங்கிருந்து தொற்று பல மாவட்டங்களுக்கும் போனது. ஆனால் வடசென்னையைப் பற்றிப் பேசும்போது மட்டும், ‘ஜனங்க சொன்னா கேக்க மாட்டாங்க’ என்று பழியை மக்கள் தலையில் போட்டார்கள். அந்தப் பேச்சு இன்றும் மனதை அறுக்கிறது.

தொற்று வந்த தெருவைத் தகரம் அடித்து அடைத்தார்கள். உள்ளே நடந்தது என்ன? தண்ணி லாரி வந்து தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியை நிரப்பும். அது வரும் நேரம் யாருக்கும் தெரியாது. சத்தம் கேட்டதும் குடத்தோடு ஓட வேண்டும். விட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. இருமல் இருக்கும் வீட்டிலிருந்தும் ஒருவர் வந்துதானே ஆக வேண்டும்? நீலமும் பச்சையுமாகக் குடங்கள் நெருக்கியடித்து நிற்க, அதே திருகு குழாயைத்தான் ஒவ்வொரு கையும் திறந்தது. நோயாளிக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை என்றது விதி. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில், நான்கு வீட்டுக்கு ஒரு கழிப்பறை இருக்கும் வரிசையில், எதைத் தனியாக்குவது?

இடத்துக்கேற்ப வேலை செய்தால் பலன் உண்டு. மும்பை தாராவியில் பெரும்பாலானோருக்குப் பொதுக் கழிப்பறைதான். அங்கே வீடு வீடாகக் காய்ச்சலைத் தேடினார்கள். கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கிருமிநீக்கம் செய்தார்கள். தனிமைக்கு இடமில்லாதவர்களைப் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமே அதை எடுத்துச் சொன்னது. சென்னையிலும் காய்ச்சல் முகாம்களும் தெருத்தெருவாக நடந்த தன்னார்வலர்களும் நிறைய உயிர்களைக் காத்தார்கள். அதை மறக்க முடியாது.

ஆனால் முகாம் போனது, குழாய் வரவில்லை. குழாய் இல்லாததால் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். அதில் டெங்கு கொசுப் புழு. ஆய்வுக்கு வருகிறவர்கள் டிரம்மைக் கவிழ்க்கச் சொல்கிறார்கள். கவிழ்த்துவிட்டுக் குடிப்பதற்கு எங்கே போவது? மனு கொடுத்தால், ‘எஸ்டிமேட் போட்டிருக்கு’ என்பதே பதில்.

அந்த எஸ்டிமேட் எப்போது வேலையாகும் என்று தேதி சொல்லுங்கள். வீட்டுக்குள் குழாய் வரும்வரை, லாரி வரும் நேரத்தைத் தொட்டியிலேயே எழுதி வையுங்கள். பொதுக் கழிப்பறையில் தண்ணீரும் விளக்கும் ராத்திரியிலும் இருக்கட்டும். மீன் ஏலத்துக்கும் மூட்டை தூக்கவும் விடியுமுன் போகிறவர்கள் திரும்பிவரும் சாயங்காலத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்க வேண்டும், உள்ளே டாக்டரும் இருக்க வேண்டும்.