புது மானிட்டர் வாங்கும் முன் ஒரு வார்த்தை



போன வாரம் ஜமுனாமரத்தூரில் என் பழைய மாணவர் ஒருவர் வழிமறித்தார். "சார், பையன் கேம் ஆட 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் கேக்குறான். இப்ப இருக்கிறதுல படம் குறுக்கால கிழியுதாம். சாமை வித்த காசு கையில இருக்கு, வாங்கிடட்டுமா?" என்றார். "அவசரப்படாதப்பா" என்று சொல்லி, லீவுக்கு வந்திருந்த என் பேரனையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

போன வருஷம் வாங்கிய அந்த மானிட்டரே 144 ஹெர்ட்ஸ். விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்ஸில் மட்டும் 60 என்றே கிடந்தது! மானிட்டரின் சொந்த மெனுவில் அடாப்டிவ் சிங்க்கும் அணைந்திருந்தது.

இதை நான் வகுப்பறையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். வாத்தியார் பழைய நோட்டைப் பாதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை புது நோட்டைத் திணித்தால், மேலே பழைய கணக்கு, கீழே புதியது. அதுதான் படம் கிழிவது. வி-சிங்க் போட்டால், முடித்த பிள்ளையும் அடுத்த மணி அடிக்கும்வரை நோட்டோடு காத்திருக்க வேண்டும். கிழியாது, ஆனால் மவுஸை அசைத்தால் திரையில் சற்றுத் தாமதமாகத் தெரியும். அடாப்டிவ் சிங்க்கில் பிள்ளை முடிக்கும்வரை வாத்தியார் காத்திருக்கிறார். எனக்குப் பிடித்தது இதுதான் (பள்ளிக்கூடத்தில் நான் அப்படிப் பொறுமையாக இருந்தேனா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்).

2013இல் என்விடியா ஜி-சிங்க் அறிவித்தபோது அதற்கென்றே தனிச் சில்லு வைத்த மானிட்டர் வேண்டியிருந்தது, விலையும் அதிகம். 2019 ஜனவரியிலிருந்து சாதாரண அடாப்டிவ் சிங்க் மானிட்டரிலும் அவர்களுடைய 10 சீரிஸ் முதலான கார்டுகள் வேலை செய்கின்றன. ஆகவே ஜி-சிங்க் சில்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்தப் பையனின் கார்டு அவன் ஆடும் கேமில் நொடிக்கு 80, 90 படம்தான் தருகிறது. அதற்கு 240 எதற்கு? அதைவிடக் கார்டுக்குக் காசு சேர்ப்பது மேல். போட்டிக்குச் சுடும் கேம் ஆடி, 200க்கு மேல் படம் வருகிறவர்கள் வாங்கட்டும்.

மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகியிருக்கிறீர்களா, கிராபிக்ஸ் கார்டிலா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், என் பேரனே முதலில் அந்தத் தப்பைச் செய்தவன்தான். இரண்டையும் சரிசெய்த பிறகு, கேமில் படத்தை 138இல் நிறுத்திவைத்தான். 144ஐத் தாண்டினால் அடாப்டிவ் சிங்க் கைவிட்டுவிடுமாம்.

கிழிசல் போய்விட்டது. பையனுக்குத்தான் லேசான ஏமாற்றம், புதுப் பெட்டி வரவில்லையே என்று. அப்பா சாமைக் காசைத் திரும்ப மடித்து வைத்தார்.

பேரன் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறான். சந்தேகம் இருந்தால் அதற்குள் கீழே கேளுங்கள்.