கீரை தட்டில் இருக்கட்டும்

நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றுவதும், பொன்னாங்கண்ணியைக் கண்ணுக்கு உகந்த கீரை என்று போற்றுவதும் நம் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கங்கள். அவற்றை நாங்கள் இகழவில்லை. பொன்னாங்கண்ணியில் உள்ள கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ சத்தாக மாறுகிறது. அச்சத்துக் குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். ஆகவே அக்கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்து உண்பது நன்று.

ஆனால் உண்பது வேறு. கண்ணுக்குள் பிழிவது வேறு. கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உடையது. கதிரறுக்கும்போது நெல்தாள் பட்டு அதில் சிறு கீறல் விழுந்தாலும், அவ்வழியே பூஞ்சை உட்புகக்கூடும். அந்நிலையில் இலைச்சாறோ தாய்ப்பாலோ விட்டால், மேலும் கிருமிகள் சேரும். செடிகளில் வடியும் பால் கண்ணைப் புண்ணாக்கவும் கூடும். புண் ஆறிய பின்னும் வெண்தழும்பு நின்று பார்வையை மறைக்கும்.

மருத்துவர் சீட்டின்றிக் கடையில் வாங்கும் சொட்டு மருந்தும் இதற்கு விலக்கன்று. அதில் ஸ்டீராய்டு இருந்தால், வெளியே சிவப்புத் தணியும். உள்ளே பூஞ்சை பெருகும்.

கைவைத்தியம் செய்ததை மருத்துவரிடம் மறைப்போர் பலர். கடிந்துகொள்வாரோ என்னும் அச்சமே காரணம். அவ்வச்சத்தைப் போக்குவது மருத்துவமனையின் கடமை என்பது எங்கள் உறுதியான கருத்து. எதை இட்டீர்கள், என்று இட்டீர்கள் என்பதைத் தயங்காமல் கூறுங்கள். சிகிச்சையைத் தீர்மானிக்க அது உதவும். கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, வீட்டில் எதையும் இடாமல் அன்றே வாருங்கள். கருவிழிப் புண்ணில் ஒரு நாள் தாமதமும் பார்வையைக் குறைக்கலாம்.