வீடும் விஞ்ஞானமும்: ஊருக்கு வரும் ஒளியிழை



கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2011-ஆம் ஆண்டில் ஏற்றது. 2015-இல் அதற்குப் பாரத்நெட் என்று பெயரிட்டது. தமிழகத்தின் ஊராட்சிகளோ ஆயிரக்கணக்கானவை. அவற்றுள் நம்மவர் பலரின் பெற்றோர் தனித்து வாழும் ஊர்களும் உண்டு. நாம் விட்டுவந்த பழைய கணிப்பொறியில் லினக்ஸை ஏற்றி, அதன்வழியே பேரக் குழந்தைகளின் முகத்தைக் காண்கின்றனர் அம்முதியோர். "இந்தப் பழைய பெட்டிக்குப் புதிய வேகம் ஏறாது, வேறு வாங்குங்கள்" என்று எவரேனும் கூறின், அவர்களது சேமிப்பு கரைந்துவிடும். ஆகவே, அதற்கு முன் சிலவற்றை நாமே ஆராய்தல் நன்று.

முதலாவது, கம்பி. அகலப் பாதையில் விரைந்து வந்த வண்டியும் வேகக் கட்டுப்பாடுள்ள பாலத்தில் மெதுவாகத்தானே செல்லும்? பழைய பெட்டிகள் பலவற்றின் வலைத்துளை நொடிக்கு 100 மெகாபிட் வரையே ஏற்கும். பெற்றோர் பெறும் இணைப்பு அதற்கு உட்பட்டதாயின் யாதொரு குறையும் இல்லை. எத்டூல் என்னும் கட்டளை இவ்வளவைக் காட்டிவிடும். துளை 1000 ஏற்பதாக இருந்தும் 100 என்றே காட்டுமாயின், கம்பியைப் பார்க்க வேண்டும். 1000-க்கு உள்ளிருக்கும் 8 இழைகளும் தேவை. கேட் 5ஈ வகைக் கம்பி போதும். 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட் ஆதலின், 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. அதனைக் கண்டு ஏமாற்றம் என்று எண்ணற்க.

இரண்டாவது, வைஃபை. பழைய பெட்டிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. எனினும் தடித்த சுவர்களைக் கடப்பதில் அது பின்தங்கும். புதிய வைஃபை செருகி வாங்குவோர், லினக்ஸ் கருவிலேயே அதற்கான இயக்கி உண்டா என்று கேட்டபின் பணம் கொடுப்பாராக.

மூன்றாவது, மென்பொருள். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளுக்குப் பொதுவாக 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். காலங்கடந்த பதிப்பை எந்நேரமும் திறந்திருக்கும் இணைப்பில் விடுதல் தகாது. புகைப்படங்களை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்த பின்னரே பதிப்பை மாற்ற வேண்டும். இணைப்புப் பெட்டி பெரும்பாலும் தானே உள்நுழையும். கணிப்பொறியில் முகவரியைத் தானாகப் பெறும்படி அமைத்தால் போதும். லினக்ஸ் ஆயினும் வேறு ஆயினும் அப்பெட்டிக்கு ஒன்றே.

இன்னும் ஒன்று. பழைய தாமிரக் கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. கண்ணாடி இழையோ ஒளியை மட்டுமே தாங்கி வரும். மின்சாரம் நின்றால் இணைப்புப் பெட்டியும் நின்றுவிடும். அதற்கொரு சிறு பாட்டரிக் காப்பு, தனித்திருக்கும் முதியோருக்கு வேகத்தினும் பயனுடையது.

பொங்கலுக்கு ஊர் செல்லும் அன்பர்கள் துணிமணிகளோடு நல்ல கம்பி ஒன்றையும் பெட்டியில் வைத்துக்கொள்வார்களாக.