கோப்பியின் சுவை இயந்திரத்தில் இல்லை

மலையகம் என்றால் தேயிலை என்றே எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் தமிழகத்திலிருந்து தொழிலாளர்களை இம்மலைகளுக்கு முதலில் அழைத்து வந்தது கோப்பிதான். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்த அம்மக்களில் பலர் கொலராவாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். 1869இல் வெளிப்பட்ட இலைத்துரு நோய் சுமார் இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை பின்னர் மலையெங்கும் பரவியது.

இப்போது கோப்பி 'எஸ்பிரெசோ' இயந்திரமாக எமது வீடுகளுக்குத் திரும்பி வருகிறது. வெளிநாட்டில் தொழில் செய்யும் உறவினர் கொண்டுவருகின்றனர். சிலர் தவணைக்கு வாங்குகின்றனர். ஆறு மாதத்தில் அது அலுமாரியின் மேல் ஏறிவிடுகிறது. காரணம், இயந்திரத்தை வாங்கினோம், வேலையைக் கற்கவில்லை.

அந்த வேலை கடினமானதன்று. இயந்திரம் சுமார் 9 பார் அமுக்கத்தில் 90 முதல் 96 பாகை செல்சியஸ் வெந்நீரைத் தூளினூடே செலுத்துகிறது. மீதி எல்லாம் எம் கையில். 18 கிராம் தூளை நிறுத்து, மட்டமாக அழுத்தினால், 25 முதல் 30 செக்கன்களில் ஏறத்தாழ 36 கிராம் கோப்பி இறங்க வேண்டும். பத்துச் செக்கனில் கொட்டிவிட்டால் புளிக்கும். தூளை இன்னும் நுண்மையாக அரைக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக நீண்ட நேரம் எடுத்தால் கசக்கும். சற்றுப் பருமனாக அரைக்க வேண்டும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இது எமது விஞ்ஞான ஆய்வுகூடத்தில் கற்கும் அதே முறைதான்.

ஆகவே என் கருத்து இது: பணம் இருந்தால் முதலில் நல்லதோர் அரைக்கும் கருவியையும் சிறு தராசையும் வாங்குங்கள். வறுத்த கொட்டையை அவ்வப்போது அரைத்தால்தான் மணம் நிற்கும். பல வாரங்களுக்கு முன் அரைத்துப் பொதியிட்ட தூளை எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தில் இட்டாலும் அது பழைய தூளே.

இயந்திரம் வாங்க வசதியில்லையா? வருந்த வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது. ஹட்டனில் சற்றுக் கூட, சுமார் 96 பாகை. கொழும்பில் கொதித்த நீரைச் சற்று ஆறவிட்டுப் பெறும் வெப்பம் எமக்குக் கேத்தலிலேயே கிடைக்கிறது. புதிதாக அரைத்த தூளும் ஒரு சுத்தமான வடிதுணியும் போதும். அது எஸ்பிரெசோ ஆகாது, நல்ல கோப்பியாகும்.

"கோப்பி ஊற்றுவதும் ஒரு படிப்பா?" எனச் சில பெற்றோர் கேட்கக்கூடும். பதினைந்தாம் நூற்றாண்டில் யெமன் நாட்டுச் சூபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்க அருந்திய பானம் இது. அறபியின் 'கஹ்வா'தான் பல மொழிகளைக் கடந்து 'கோப்பி' ஆனது. இன்று ஒரு கோப்பையைச் சுவைத்து அதன் தரத்தைச் சொல்வது உலகெங்கும் மதிப்புள்ள தொழில். எமது மாவட்டத்தில் சிறு தோட்டக்காரர் மீண்டும் அராபிக்கா கோப்பி பயிரிடுகின்றனர். அதை வறுக்கவும் சுவைக்கவும் விலை பேசவும் தெரிந்தவர்கள் எம் பிள்ளைகளாக ஏன் இருக்கக்கூடாது? இலையைக் கொய்தவர்கள் தரமான தேயிலையை ஏலத்துக்கு அனுப்பிவிட்டுத் தூசுத் தேயிலையைக் குடித்த கதையை நாம் அறிவோம். கோப்பியிலும் அது தொடரக்கூடாது.

விருந்தினர் வந்தால் மட்டும் பெண்பிள்ளையை அடுப்படிக்கு அனுப்பிக் கோப்பி ஊற்றச் சொல்லும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. அளந்து, நேரம் பார்த்து, சுவைத்துக் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் வீட்டிலேயே கற்றுக்கொடுங்கள் என்றே கேட்கிறேன். மாணவிகளே, இந்த விடுமுறையில் வீட்டுத் தோட்டத்துக் கோப்பிச் செடியில் பழம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். பறித்து, சதையை நீக்கி, காயவைத்து, வறுத்து, அரைத்து ஒரு கோப்பை தயாரித்தால், ஒரு கைப்பிடித் தூளுக்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது என்பது விளங்கும்.